கருந்திரையும் கதவும்: உடால்போ நாவலில் அச்சமும் ஏமாற்றமும்

பேயும் அணங்கும் உலவும் கதையைப் படித்து முடித்தவர், 'இவ்வளவுதானா!' என்று நூலை மூடி வைப்பதைப் பலகாலும் காண்கிறோம். அவ்வேமாற்றத்தை ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகக் கொள்வார் அரியர். நகை விளைக்கப் புகுந்த நூல் நகை விளைக்காவிடின் அது நூலின் குறை என்பர். அச்சம் விளைக்கப் புகுந்த நூல் அதனை விளைக்காவிடினோ, பேய்க்கதையில் வேறென்ன கிடைக்கும் என்று படித்தவரையே குறை கூறுவர். இது முறையன்று. அச்சம் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்று. நகைக்கும் அழுகைக்கும் தந்த இடத்தை ஆசிரியர் தொல்காப்பியனார் அதற்கும் தந்துள்ளார். ஒரு நூல் தான் எழுப்பிய மெய்ப்பாட்டை இறுதிவரை காவாது இடையே நழுவ விடுமாயின், எவ்விடத்து, எக்காரணத்தால் நழுவ விட்டது என்று வினவுதல் திறனாய்வின் கடமையேயாகும்.

அவ்வினாவை எழுப்புதற்கு ஆங்கில நாவல்களுள் மிகவும் ஏற்றது, ஆன் ராட்கிளிப் அம்மையார் இயற்றிய 'உடால்போவின் மருமங்கள்' என்னும் பெருநூல். 1794 ஆம் ஆண்டு மே மாதத்தில் இலண்டன் நகரில் நான்கு தொகுதிகளாக அது வெளிவந்தது. பதிப்பாளர் அம்மையாருக்கு அளித்த தொகை 500 பவுன். அக்காலத்து நாவல் ஒன்றற்கு அது வியக்கத்தக்க பெருந்தொகை. அம்மையார் அப்போது முப்பதாண்டு நிரம்பாதவர். அதற்கு முன்னரே மூன்று நாவல்கள் எழுதிப் பெயர் பெற்றவர். நூல் வெளிவந்த நாள்தொட்டு அதனைப் படித்தோர் பலர் ஒரே இடத்தைச் சுட்டித் தம் ஏமாற்றத்தைக் கூறி வந்துள்ளனர். ஏமாற்றம் இவ்வாறு ஓரிடத்திற் குவிந்து நிற்பதே அதனை ஆராய்வதை எளிதாக்குகிறது. யாமும் மாணவராய் இருந்த நாளில் அதே இடத்தில் அதே ஏமாற்றத்தை எய்தி, இனி இந்நூலைத் தொடுவதில்லை என்று வைத்துவிட்டோம். நெடுநாட் கழித்து மீண்டும் படிக்க நேர்ந்தபோது, நாம் ஏமாந்தது உண்மையே; ஏமாந்த காரணமாக எண்ணியிருந்ததுதான் பிழை என்பது தெரியலாயிற்று.

கதை 1584 ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டின் தென்பகுதியில் தொடங்குகிறது. எமிலி என்னும் இளம்பெண் முதலில் தாயையும் பின்னர்த் தந்தையையும் இழக்கிறாள். தந்தையின் தமக்கையோ தங்கையோ ஆகிய அத்தை அவளுக்குக் காப்பாளர் ஆகிறாள். அவ்வத்தை மாண்டோனி என்னும் இத்தாலியனை மணந்து கொள்கிறாள். அவனிடம் பெருஞ்செல்வம் உண்டென்று அவள் எண்ணினாள். அவளிடம் உண்டென்று அவன் எண்ணினான். இருவர் எண்ணமும் பொய்த்தன. அத்தையையும் எமிலியையும் அவன் வெனிசு நகருக்கும், அங்கிருந்து அப்பென்னைன் மலைத்தொடரில் தனித்து நிற்கும் உடால்போ என்னும் பழங்கோட்டைக்கும் அழைத்துச் செல்கிறான்.

அக்கோட்டைக்கு முன்னர் உரியவளாய் இருந்தவள் லாரென்டினி என்பவள். ஏறத்தாழ இருபது ஆண்டுகட்கு முன் கோட்டையை விட்டு வெளியே சென்றவள் மீளவில்லை, உடலும் கிடைக்கவில்லை. உறவின் முறையால் கோட்டை மாண்டோனிக்கு உரியதாயிற்று. பணிப்பெண் அன்னெட் இச்செய்தியை எமிலிக்குக் கூறுகிறாள். ஓர் அறையிற் கருந்திரையிட்டு மூடிய ஓவியம் ஒன்று உண்டென்றும், ஏவலர் அதனை நினைத்து அஞ்சுவர் என்றும் சேர்த்துக் கூறுகிறாள். இரண்டாம் தொகுதியில் எமிலி தனியளாய் அவ்வறைக்குட் சென்று திரையை நீக்குகிறாள். திரைக்குப் பின் இருந்தது ஓவியம் அன்று. ஆசிரியர் நமக்குக் கூறுவது அவ்வளவே. கண்டதும் திரையைக் கைவிட்ட எமிலி, அறையை விட்டு அகலுமுன் உணர்விழந்து வீழ்கிறாள்.

கண்டது யாது? எமிலி அதனை எவர்க்கும் உரைப்பதில்லை. உரைப்பின் மாண்டோனி தன்னையும் அழிப்பான் என்று அஞ்சுகிறாள். ஆசிரியரும் நமக்கு உரைப்பதில்லை. மூன்றாம் தொகுதி கழிகிறது. எமிலி கோட்டையினின்று தப்பிப் பிரான்சு மீள்கிறாள். நான்காம் தொகுதியும் முடியுந் தறுவாயை எய்துகிறது. அப்போது ஏனைய முடிச்சுகளை அவிழ்க்கும் போக்கிலே, சிறிதளவு இடத்தில், திரையின் செய்தியும் கூறப்படுகிறது. அதன் பின் இருந்தது மெழுகால் ஆய உருவம். புழு அரித்த பிணம் போலச் செய்யப்பட்டிருந்தது அது. எமிலி அதனை லாரென்டினியின் உடலென மயங்கினாள். மீண்டும் ஒருமுறை நோக்கத் துணிந்திருந்தால் மயக்கமும் அச்சமும் ஒருங்கே நீங்கியிருக்கும் என்று ஆசிரியர் அமைதியாகக் கூறிச் செல்கிறார். லாரென்டினியோ கொலையுண்டவள் அல்லள். பிரான்சு நாட்டுக் கன்னிமடம் ஒன்றில் வேறு பெயருடன் வாழ்ந்து, நாவலின் இறுதிப் பகுதியில் நோயால் இறப்பவள்.

இவ்விடத்தைப் படித்த எவர்க்கும் எழும் மெய்ப்பாடு அச்சமும் அன்று, உவகையும் அன்று, வெகுளியே. நூல் வெளிவந்த அவ்வாண்டே 'கிரிட்டிகல் ரிவியூ' என்னும் இதழில் ஒரு மதிப்புரை தோன்றியது. அதனை எழுதியவர் கவிஞர் கோல்ரிட்ஜ் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அக்கருத்தைப் பிற்காலத்தார் ஐயுற்றுள்ளனர். எழுதியவர் யாவராயினும், அறிய விரும்பும் வேட்கையை அம்மையார் எழுப்பும் அளவிற்கு நிறைவு செய்வதில்லை என்றும், எதனாலும் நிறைவுறாத உயரத்திற்கு அதனை ஏற்றிவிடுகிறார் என்றும் அவர் நுட்பமாகக் கண்டார். முப்பதாண்டு கழித்து, ராட்கிளிப் அம்மையாரின் நூல்களுக்கு முன்னுரை எழுதிய சர் வால்ட்டர் ஸ்காட் இன்னும் கடுமையாகப் பேசினார். எளிய காரணம் ஒன்றால் விளைந்த அச்சத்தில் தம்மைப் பங்கு கொள்ளச் செய்து ஏமாற்றிவிட்டாரே என்று படிப்போர் சினப்பர். மேடையின் பின்புறத்தை ஒருமுறை கண்டுவிட்ட பிறகு இரண்டாம் முறை படித்தற்கு அங்கே சுவை ஏதும் எஞ்சாது என்பது அவர் முடிபு.

ஸ்காட் கூறிய இக்காரணமே இலக்கிய வரலாறுகளில் நிலைபெற்றுவிட்டது. அணங்கினை எழுப்பிப் பின் இயற்கைக் காரணங் காட்டி அடக்குதல் அம்மையாரின் முறை. அம்முறையே ஏமாற்றத்தின் வேர் என்பர். அங்ஙனமாயின், அணங்கினை அணங்காகவே நிறுத்தும் நாவல்கள் ஏமாற்றம் தாராதிருத்தல் வேண்டும். அவ்வாறில்லை என்பதை வரலாறே காட்டுகிறது. இவ்வகை நாவல்களுக்கு முன்னோடியாகிய 'ஒட்ராந்தோ கோட்டை' என்னும் நூலை ஹொரேஸ் வால்போல் 1764 ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் வெளியிட்டார். மணநாளன்று மணமகன்மீது மலையளவினதாகிய தலைக்கவசம் ஒன்று வானினின்று வீழ்ந்து அவனைக் கொல்வதாக அது தொடங்குகிறது. அங்கே எதற்கும் இயற்கைக் காரணம் கூறப்படுவதில்லை. ஓவியம் தன் சட்டத்தை விட்டு இறங்கி நடக்கிறது. இந்நூலைப் படித்து ஏமாந்து, அவ்வேமாற்றத்தை அச்சில் ஏற்றியவர் கிளாரா ரீவ் அம்மையார். நூறு பேர் தூக்கும் வாளும், தன் எடையாலேயே தளத்தைத் துளைக்கும் தலைக்கவசமும் அச்சத்திற்கு மாறாக நகையையே விளைக்கின்றன என்று தம் 'பழைய ஆங்கிலப் பெருமகன்' என்னும் நாவலின் முன்னுரையில் அவர் எழுதினார். அந்நாவல் முதலில் 1777 இல் வேறு பெயருடனும், மறுஆண்டில் இப்பெயருடனும் வந்தது. வால்போல் வாளாவிருந்தார் அல்லர். அவ்வம்மையார் நூலைவிட முறைமன்றத்துக் கொலை வழக்கொன்று சுவை மிக்கதாய் இருக்குமென்று கடிதத்தில் எள்ளினார். அச்ச நாவலின் வரலாறும் அது தரும் ஏமாற்றத்தின் வரலாறும் உடன்பிறந்தன போலும்.

இன்னுமொரு சான்று உடால்போவின் ஆசிரியரிடமே கிடைக்கிறது. ராட்கிளிப் அம்மையார் 1823 இல் இறந்தார். மூன்றாண்டு கழித்து, அவர் எழுதி வெளியிடாது வைத்திருந்த 'காஸ்டன் டி பிளாண்டவில்' என்னும் நாவல் அச்சாயிற்று. அதில் கொலையுண்ட வீரனின் ஆவி உண்மை ஆவியாகவே வருகிறது; மெழுகும் இல்லை, விளக்கமும் இல்லை. எனினும் அம்மையாரின் முந்தைய நூல்கள் எய்திய புகழை அது எய்தவில்லை. ஆகவே, விளக்கம் கூறியதால் மட்டும் உடால்போ ஏமாற்றியது என்பது பொருந்தாது.

பிரெஞ்சு மொழியில் 1970 இல் வெளிவந்த தம் நூலில் தோதோரவ் என்னும் அறிஞர் இவ்விரு நெறிகளையும் பிரித்து, வால்போலை ஒருபாலும் ராட்கிளிப், ரீவ் ஆகிய இருவரையும் மறுபாலும் நிறுத்தினார். இயற்கையோ இயற்கை கடந்ததோ என்னும் ஐயம் நீடிக்கும் வரையே இவ்வகைக் கதையின் உயிர் உள்ளது என்பது அவர் கொள்கை. பயனுள்ள கொள்கையே. ஆனால் ரீவ் அம்மையாரின் நாவலில் ஆவி மெய்யாகவே வருகிறது என்பதை ஈண்டுக் குறித்தல் வேண்டும். அன்றியும், ஐயம் தீருங்கால் சில நூல்கள் ஏமாற்றுவதும் சில நூல்கள் ஏமாற்றாததும் ஏன் என்பதற்கு அக்கொள்கையில் விடை இல்லை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இவ்விடத்து நமக்குத் துணையாகிறது. ராட்கிளிப் அம்மையார்க்கும் அந்நூலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அளவுகோலாக மட்டுமே அதனை ஈண்டுக் கொள்கிறோம். அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக ஆசிரியர் நான்கினைக் கூறுவர்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இந்நான்கனுள் நான்காவது நம் சிந்தனைக்கு மிகவும் உரியது. இறை என்றதனுள் அரசனை மட்டுமன்றித் தந்தையையும் ஆசிரியனையும் அடக்கி உரை கண்டனர் உரையாளர். ஆகவே, தன்மேல் ஆணை செலுத்தும் உரிமை உடையாரிடத்துத் தோன்றும் அச்சம் அது எனலாம். பேய்க்கு அஞ்சுவதும் காப்பாளர்க்கு அஞ்சுவதும் ஒரே மெய்ப்பாட்டின் இரு களன்கள். ஒன்று மற்றொன்றன் வேடம் அன்று. இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும்.

வால்போலின் தலைக்கவசம் ஏன் அச்சம் தரவில்லை என்பதற்கு இப்போது விடை எளிது. அளவிறந்த பெருமை அச்சத்தின் களன் அன்று. அது மருட்கையின் களன். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கினின்றும் மருட்கை பிறக்கும் என்பது அவ்வியலின் கூற்று. வால்போல் பெருமையைக் காட்டி அச்சத்தை வேண்டினார். படித்தோர்க்கு வியப்பு வந்தது. வியப்புத் தணிந்ததும் அவ்விடத்தில் நகை புகுந்தது. ரீவ் அம்மையார் கண்ட குறையைச் செவ்விதின் விளக்க இதனினும் ஏற்ற கருவியை யாம் அறியோம்.

உடால்போவின் நிலை இத்துணை எளிதன்று. அங்கே அணங்காகத் தோன்றியவை பலவும் பிற்பாடு கள்வராக மாறிவிடுகின்றன. கோட்டையில் இரவில் எழும் இசையும், மாண்டோனியின் சொற்களைத் திருப்பிக் கூறும் குரலும் அங்கே சிறைப்பட்டிருந்த தூ போன் என்பவனுடையவை. பிரான்சு நாட்டு மாளிகை ஒன்றில் இறந்தோர் படுக்கையின் போர்வையை அசைத்தது, அங்குள்ள நிலவறையைக் கொள்ளைப் பொருள் வைக்கப் பயன்படுத்திய கள்வர் செயல். இவற்றையெல்லாம் அறியுங்கால் நாம் பெரிதும் ஏமாறுவதில்லை. ஒரு களன் மற்றொரு களனாக மாறினும் அச்சம் அச்சமாகவே எஞ்சுகிறது. நள்ளிரவிற் படுக்கைக்கு அடியிலிருந்து கள்வர் எழுவதும் அஞ்சத்தக்கதே. மெழுகுருவமோ நான்கனுள் எதனுள்ளும் அடங்காது. அஞ்சத்தக்கது எதுவும் அங்கே எஞ்சவில்லை.

இனி, முதற்படிப்பில் யாம் காணாது விட்ட ஒன்றைக் கூறுதல் வேண்டும். கோட்டையில் எமிலிக்கு ஒதுக்கப்பட்ட அறை தனித்த ஒரு மூலையில் உள்ளது. அவ்வறைக்கு வழக்கமான வாயிலன்றி வேறொரு கதவும் உண்டு. அது செங்குத்தான படிக்கட்டொன்றின்மீது திறக்கிறது. அக்கதவிற்கு உட்புறத்தே தாழ் இல்லை. தாழ்கள் வெளிப்புறத்தே உள்ளன. முதலிரவில் எமிலி கனமான நாற்காலி ஒன்றை அதற்கு எதிரே நகர்த்தி வைத்துவிட்டு உறங்க முயல்கிறாள். விடிந்து பார்க்கையில் இரவிடையே யாரோ அக்கதவை வெளியே தாழிட்டுச் சென்றுள்ளனர். பிறிதோர் இரவில், அவளை மணக்க விரும்பி மறுக்கப்பட்ட மொரானோ என்னும் பிரபு அக்கதவின் வழியாகவே அறையுட் புகுகிறான். இதில் மருமம் ஏதுமில்லை, திரையுமில்லை. தன் அறைக் கதவைத் தான் தாழிட இயலாத நிலை ஒன்றே உள்ளது. யாம் முதலில் படித்தபோது கருந்திரைக்குப் பின் என்ன இருக்கும் என்னும் ஆவலில் இக்கதவைக் கடந்து விரைந்துவிட்டோம்.

கதவின் பொருள் மாண்டோனி. அவன் வேண்டுவது பேய்க்கதைக் கொடியோர் வேண்டுவது போன்ற எதுவும் அன்று, நிலம். துலூசு நகரை அடுத்துள்ள தன் நிலங்களை அத்தை திருமணத்தின்போது தன் உரிமையிலேயே வைத்துக் கொண்டாள். அவற்றை எழுதித் தருமாறு அவன் வற்புறுத்துகிறான், அவள் மறுக்கிறாள், கோபுரத்திற் சிறையிடப்பட்டு, காய்ச்சலுற்று, கவனிப்பாரின்றி மடிகிறாள். உரிமை எமிலியை அடைகிறது. வற்புறுத்தலும் அவளைத் தொடர்கிறது. எமிலியை எதற்கெடுத்தாலும் மயங்கி விழுபவள் என்று எள்ளுவோர் பலர். நில ஆவணத்தை முன்வைத்து மாண்டோனி அச்சுறுத்தும் உரையாடலில் அவள் மயங்கவில்லை என்பதை அவர்கள் நோக்கியதில்லை. சட்டம் தனக்குத் தரும் உரிமையை எடுத்துக் கூறி அவள் எதிர்நின்று வாதாடுகிறாள். பின்னரே, தன் காவலை விலக்கிக் கொள்வதாக அவன் மிரட்ட, விடுதலை தருவான் என்னும் உறுதிமொழியை நம்பிக் கையொப்பம் இடுகிறாள். அவன் உறுதிமொழியைக் காக்கவில்லை.

1794 இல் இதனைப் படித்த ஆங்கிலப் பெண்டிர்க்கு இது பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியின் செய்தியாகத் தோன்றியிராது. தனி ஆவணத்தின் வழி ஒதுக்கி வைக்கப்பட்டாலன்றி, மணமான பெண்ணின் உடைமை கணவன் ஆட்சிக்கு உட்படுவதே அந்நாட்டுச் சட்டம். 1882 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அந்நிலை பெரிதும் நீடித்தது. நூலின் உண்மை அச்சம் இறை என்னும் களனில் வேரூன்றியது. அதற்கு விளக்கம் கூறிக் கலைக்க இயலாது, அது பேயன்று.

அங்ஙனமாயின் கருந்திரையின் குறைதான் யாது? அதே நூலில் அதற்கு இணையான மற்றொரு காட்சி உள்ளது. அத்தையைத் தேடிச் செல்லும் எமிலி, கோட்டை வாயிலை அடுத்த அறையொன்றிற் கருநிறத் திரைச்சீலை தொங்கக் காண்கிறாள். நடுங்கிய கையால் அதனை விலக்குகிறாள். உள்ளே குருதி தோய்ந்த படுக்கையில் முகத்திற் புண்பட்ட பிணம் ஒன்று கிடக்கிறது. அவள் கண்டதை அக்கணமே நாமும் காண்கிறோம். அவளும் வீழ்கிறாள். அப்பிணம் கோட்டைச் சண்டையில் மாண்ட வீரன் ஒருவனுடையது என்பது விரைவில் தெரிந்துவிடுகிறது. இவ்விளக்கமும் எளியதே; ஆயினும் இவ்விடத்தைப் படித்து ஏமாந்தோம் என்று எவரும் கூறக் கேட்டிலம். காரணம் வெளிப்படை. இங்கே எமிலியின் கண்ணே நம் கண்ணாக உள்ளது. கருந்திரையின் முன்போ, அதுகாறும் அவள் நெஞ்சத்தின் ஒவ்வோர் அசைவையும் நமக்குக் காட்டி வந்த ஆசிரியர், அவள் கண்ட ஒன்றை மட்டும் நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறார். அதன்பின் அவள் அதனை நினைந்து நடுங்குந்தோறும் நாம் அவளோடு நடுங்க இயலவில்லை. அவள் எதற்கு நடுங்குகிறாள் என்று கணக்கிடுகிறோம். அச்சம் அவளுக்கு, ஆவல் நமக்கு என்று இரண்டும் பிரிந்து போயின. பிரிந்த அவ்விடத்திலேயே ஏமாற்றம் விதையூன்றிவிட்டது. நான்காம் தொகுதியில் வெளிப்பட்ட மெழுகு அதன் விளைவே.

இப்பிழைக்கு அம்மையாரின் கொள்கையே ஒருவாறு காரணமாகலாம். இரு வழிப்போக்கர் உரையாடலாக அவர் எழுதியதும் 1826 இல் வெளிவந்ததுமாகிய கட்டுரை ஒன்றில், அச்சத்தை அவர் இரண்டாகப் பகுத்தார். ஒன்று, தெளிவின்மையாற் பிறந்து உள்ளத்தை விரிவடையச் செய்வது. மற்றொன்று, கண்முன் நேரே தோன்றி உள்ளத்தைச் சுருக்கி உறையச் செய்வது. முன்னதே கவிதைக்குரிய உயர்ந்த அச்சம் என்பது அவர் துணிபு. இக்கொள்கைப்படி புழு அரித்த உருவத்தைக் காட்டுதல் இரண்டாவதாகிய தாழ்ந்த அச்சத்தை நாடுவதாகும். ஆகவே தெளிவின்மையைக் காக்க விரும்பினார். ஆனால் எமிலிக்குத் தெளிவு, படிப்போர்க்குத் தெளிவின்மை என்று அமைந்த தெளிவின்மை வேறு வகையினது. மூடுபனியில் இருவரும் நிற்பது ஒன்று. ஒருவர் கண்ணை மட்டும் கட்டிவிடுவது மற்றொன்று.

மெழுகுருவத்தின் வரலாற்றை நூலிற் கூறியுள்ளவாறே கூர்ந்து நோக்கினால் இன்னும் வருந்த நேர்கிறது. உடால்போ மரபினன் ஒருவன் திருச்சபைக்குத் தவறிழைத்தான். நாடோறும் சில நாழிகை அவ்வுருவத்தை நோக்கியிருக்குமாறு அவனுக்குக் கழுவாய் விதிக்கப்பட்டது. அவன் அதனை நிறைவேற்றியதோடு அமையாது, தன் வழியினரும் அவ்வுருவத்தைக் காத்து வருதல் வேண்டும், தவறின் நிலத்தின் ஒரு பகுதி திருச்சபையைச் சேரும் என்று விருப்ப ஆவணம் எழுதி வைத்தான். அதனாலேயே உருவம் சுவரில் நின்றது. ஆணையிடும் இறையும், கைவிட்டுப் போகும் நிலமும், எழுதி வைத்த ஆவணமும் ஆகிய மூன்றும் இவ்வரலாற்றில் உள்ளன. அத்தையைக் கொன்றதும் எமிலியை வருத்தியதும் அவையே அன்றோ! திரையும் கதவும் ஒன்றாய் இணைதற்குரிய இடம் இது. அம்மையார் அருகே வந்து, காணாது, சில வரிகளிற் கடந்து போய்விட்டார். மாண்டோனி அவ்வுருவத்தை ஏன் அகற்றாது வைத்திருந்தான் என்னும் வினாவை இரண்டாம் தொகுதியிலேயே எழுப்பியிருந்தால், மெழுகும் அச்சம் தந்திருக்கும்.

இந்நுட்பத்தைக் கண்டுகொண்டவர் ஜேன் ஆஸ்டின். அவருடைய 'நார்த்தாங்கர் மடம்' 1817 ஆம் ஆண்டு இறுதியில், அவர் மறைந்த பின்னர், வெளியாயிற்று. அதன் தலைவி காதரின் உடால்போவைப் படித்துக் கொண்டிருக்கிறாள். கருந்திரை வரை வந்துவிட்டாள். அதன்பின் இருப்பது லாரென்டினியின் எலும்புக்கூடே என்று உறுதியாக நம்புகிறாள். விடையைத் தோழி சொல்லிவிடலாகாது என்றும் வேண்டிக் கொள்கிறாள். பின்னர் ஒரு பழைய மாளிகையில் விருந்தினளாகத் தங்கும் அவள், இரவில் பேழையொன்றைத் திறந்து சுருள் ஒன்றைக் கண்டெடுக்கிறாள். காலை வெளிச்சத்தில் அது சலவைக் கணக்காக முடிகிறது. மெழுகுருவத்தின் மேல் எறிந்த கேலி இது என்பதில் ஐயமில்லை. பலரும் இத்துடன் நிறுத்திக் கொள்வர். கதையோ நிற்கவில்லை. மாளிகைத் தலைவராகிய தளபதி தம் மனைவியைக் கொன்றவர் அல்லது அடைத்து வைத்தவர் என்று காதரின் ஐயுற்றுப் பின் நாணுகிறாள். அதே தளபதி, அவள் தாம் எண்ணியது போலச் செல்வ மகள் அல்லள் என்பதை அறிந்தவுடன், வைகறையில், துணைக்கு ஓர் ஏவலனும் இன்றி, எழுபது கல் தொலைவில் உள்ள அவள் ஊருக்கு அவளை வெளியேற்றிவிடுகிறார். தான் அவரைப் பற்றி ஐயுற்றது பெரும்பிழை அன்று என்று காதரின் அப்போது கருதுகிறாள். பேழை ஏமாற்றியது, மாளிகையின் தலைவன் ஏமாற்றவில்லை. ஆஸ்டின் திரையைக் கேலி செய்தார், கதவைக் கேலி செய்யவில்லை.

இரண்டாம் முறை படிப்போர்க்குச் சுவை எஞ்சாது என்ற ஸ்காட்டின் முடிபை யாம் ஏற்காமைக்குக் காரணமும் இதுவே. திரையின் விடை தெரிந்தபின் ஆவல் ஒழிகிறது. ஆவல் ஒழிந்த இடத்தில், அது மறைத்து வைத்திருந்த அச்சம் தெளிவாகத் தோன்றுகிறது. கதவின் தாழ் எப்பக்கத்தில் உள்ளது என்பதைக் காணப் பொழுது கிடைக்கிறது. ஆயினும் இக்கூற்றை மிகைபடக் கொள்ளலாகாது. நான்காம் தொகுதியின் நீளமும், கதைக்குப் புறம்பான குடும்பமொன்று இடையே புகுவதும், எடுத்ததற்கெல்லாம் மலைக்காட்சி வருணிப்பதும் இரண்டாம் முறையும் நம்மைக் களைப்படையவே செய்தன.

இறுதியாக ஒன்று. இந்நாவலில் கருந்திரையினும் பெரிய மறைப்பு ஒன்று உண்டு. இறக்குந் தறுவாயில் எமிலியின் தந்தை, வீட்டில் மறைத்து வைத்துள்ள தாள்களைப் படியாமல் எரித்துவிடுமாறு அவளைப் பணிக்கிறார். எரிக்க எடுக்கையில் ஒரு வரி அவளையறியாமல் அவள் கண்ணிற் படுகிறது. அவள் நெஞ்சு நடுங்குகிறது. அவ்வரியில் என்ன எழுதியிருந்தது என்பது நான்கு தொகுதிகளிலும் கூறப்படவில்லை. தாள்கள் எப்பொருள் பற்றியவை என்பது பிற்பாடு தெரிகிறது. அவ்வரி மட்டும் தெரிவதில்லை. மெழுகுக்காகச் சினந்தோர் இதற்காகச் சினந்ததாகத் தெரியவில்லை. படியாதே என்பது தந்தையின் ஆணை. கண் தவறி விழுந்த அவளே அதனை நினையாதிருக்க முயல்கிறாள். தோள்வழியே எட்டிப் பார்த்த நாம் அதற்குமேற் கேட்பதற்கு உரிமை இல்லாதவராய் நின்றுவிடுகிறோம்.